அம்மா இருக்கும் ஹோமில் ட்ரிப் போட மாட்டோம் என்கிறார்கள், நியாயமா?

எருத்தியாம்பதிக்காரன் | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 76 வயது. இரண்டு மாதத்துக்கு முன்னால் மாட்டுக்கொட்டகையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. கோயம்புத்தூரில் ஆபரேஷன் ஆயிற்று. நடை பழக்க ஆள் வேண்டும், வீட்டில் நாங்கள் இரண்டு பேருமே வேலைக்குப் போகிறவர்கள். அதனால் சித்தூர் தாலுகாவிலேயே ஒரு ஹோமில் சேர்த்திருக்கிறோம். பாதி முதியோர் இல்லம், பாதி ஃபிசியோதெரபி சென்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாக்கரைப் பிடித்துப் பத்தடி நடக்கும் அளவுக்குத் தேறியிருந்தார்.

போன வாரம் திடீரென்று குளிர்க்காய்ச்சல், பிதற்றல். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சிறுநீரில் கிருமி, கல்ச்சர் சோதனையில் வந்த ரகத்துக்கு மாத்திரை எதுவும் கேட்காது என்றார்கள். எர்டாபெனம் என்ற மருந்து, தினம் ஒரு கிராம், நரம்பு வழியாக, அதாவது ஐவி. நான்கு நாள் அங்கேயே போட்டதில் காய்ச்சல் நின்றது. "இன்னும் ஆறு நாள் போடணும், ஹோமிலேயே போட்டுக்கலாம்" என்று கையில் வென்ஃப்ளானோடு (நரம்பில் குத்திவைத்திருக்கும் ஊசிக்குழாய்) அனுப்பிவிட்டார்கள். கழற்றிய வளையல்களை ஒரு கவரில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள்.

ஹோமுக்கு வந்தால் மேனேஜர், "ஐவி இங்கே கிடையாது, தினமும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் போட்டுக்கொண்டு வாருங்கள்" என்கிறார். இன்றைக்குப் போய்வந்தோம். அரை மணி நேர மருந்துக்கு ஆம்புலன்ஸில் ஒன்றரை மணி நேரம், அங்கே காத்திருந்தது இரண்டு மணி நேரம். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு கத்தியது இன்னும் காதில் இருக்கிறது.

போதாக்குறைக்கு அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. திருப்பூரில் இருக்கும் அக்கா போனில், "தினமும் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தச் சொல்லுடா, தெம்பு வரும்" என்கிறார்.

ஹோம்காரர்களோடு சண்டை போடலாமா? இல்லை, அவர்கள் சொல்வதில் ஏதாவது இருக்கிறதா?

கோவிந்தாபுரம்_லாரி | ஞாயிறு, இரவு 10.05

சண்டை போடுங்கள். மாதம் இருபதாயிரம், இருபத்தைந்தாயிரம் வாங்குகிறார்கள் அல்லவா? ஒரு பாட்டிலைத் தொங்கவிடுவதில் என்ன பெரிய வித்தை? எங்கள் தாத்தாவுக்குக் கம்பவுண்டர் வீட்டுக்கே வந்து, ஜன்னல் கம்பியில் பாட்டிலைக் கட்டிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போவார். தாத்தா 90 வரைக்கும் இருந்தார்.

நகரி_வாசகர் | ஞாயிறு, இரவு 10.20

சித்தூர் என்று பார்த்ததும் எங்கள் மாவட்டத்துக்காரர் என்று ஆசையாக உள்ளே வந்தேன். அப்புறம்தான் இது பாலக்காட்டுச் சித்தூர் என்று தெரிந்தது! பரவாயில்லை, வந்ததற்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன்.

எங்கள் ஆந்திர எல்லையில் எலும்பு முறிந்தால் முதலில் புத்தூர் கட்டு. காய்ச்சல், அசதி என்றால் ஆர்.எம்.பி டாக்டர் (டாக்டர் பட்டம் இல்லாத ஊர் வைத்தியர்) வந்து செலைன் போடுவார். ட்ரிப் என்று நாங்கள் யாரும் சொல்வதில்லை, செலைன்தான். போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். லாரிக்காரர் சொன்ன அதே கதைதான். ஆனால் என் பெரியம்மாவுக்கு அப்படிப் போட்டதில் என்ன ஆனது என்று நாளைக்கு எழுதுகிறேன். இப்போது மின்சாரம் போய்விட்டது, போனில் சார்ஜ் இல்லை.

மீனாட்சிபுரம்_சிஸ்டர் | திங்கள், காலை 6.10

நைட் டியூட்டி முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டே எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் மன்னியுங்கள். ஜி.என்.எம் நர்ஸிங் டிப்ளமா முடித்து 19 வருடம். அதில் ஏழு வருடம் இந்த மாதிரி ஹோம்களில்தான்.

லாரி அண்ணா, பாட்டிலைத் தொங்கவிடுவதில் வித்தை இல்லைதான். தொங்கவிட்ட பிறகுதான் வேலையே. 500 மில்லி பாட்டிலை எட்டு மணி நேரத்தில் ஏற்றச் சொல்லி டாக்டர் எழுதுகிறார் என்று வையுங்கள். நாங்கள் சாதாரணமாகப் பயன்படுத்தும் ஐவி செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி. கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 21 சொட்டு. கையில் வாட்சைப் பார்த்துக்கொண்டு, டியூபில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வீலை உருட்டி உருட்டி அந்த 21-ஐக் கொண்டுவந்து நிறுத்துவேன். பாட்டி முழங்கையை மடக்கினால் சொட்டு நின்றுவிடும். "ஏன் இறங்கலை?" என்று யாராவது வந்து வீலைத் திறந்துவிடுவார்கள். பாட்டி தூக்கத்தில் கையை நீட்டினால் அறுபது, எழுபது சொட்டாக ஓடும். இதயம் பலவீனமானவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் போதும், மூச்சுத் திணறலில் கொண்டுபோய் விட்டுவிடும். ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே டாக்டர், ஆக்சிஜன், நீர் பிரிய ஊசி எல்லாம் உண்டு. ஹோமில் ராத்திரி இரண்டு மணிக்கு என்ன உண்டு? முப்பது பேருக்கு இரண்டு ஆயாக்கள்.

எனவே எருத்தியாம்பதி தம்பி, மேனேஜரிடம் முதலில் ஒன்றைக் கேளுங்கள். ராத்திரி அங்கே பதிவு பெற்ற நர்ஸ் இருக்கிறாரா, இல்லை "ஹோம் நர்ஸ்" இருக்கிறாரா? கேரளத்தில் ஹோம் நர்ஸ் என்றால் பெரும்பாலும் ஏஜென்சி அனுப்பும் பராமரிப்பு ஆள். குளிப்பாட்டுவார், ஊட்டுவார், மலம் அள்ளுவார். அவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை, என்னைவிடப் பொறுமைசாலிகள். ஆனால் அவர்கள் நர்ஸிங் படித்தவர்கள் இல்லை, ஐவி அவர்கள் தொடக் கூடாத விஷயம். அப்படிப்பட்ட இடத்தில் "ஐவி கிடையாது" என்று ஒரு மேனேஜர் சொன்னால் அவர் உங்களை ஏமாற்றவில்லை. தலையை ஆட்டிவிட்டு யாரையாவது விட்டுப் போடவைக்கிற இடத்தைப் பார்த்துத்தான் நீங்கள் பயப்பட வேண்டும்.

ஆனால் ஒன்று. சேர்க்கும்போது "24 மணி நேர நர்ஸிங்" என்று நோட்டீஸில் அச்சடித்திருந்தால் அதை எடுத்து மேஜைமேல் வையுங்கள். அப்போது சண்டை போடலாம், நானும் வருகிறேன்.

அப்புறம் அம்மாவின் கையை ஒரு தடவை பாருங்கள். வென்ஃப்ளான் என்ன நிறம்? ப்ளாஸ்டரில் தேதி எழுதியிருக்கிறதா?

எருத்தியாம்பதிக்காரன் | திங்கள், காலை 8.15

நோட்டீஸைத் தேடி எடுத்துவிட்டேன் சிஸ்டர். "நர்ஸ் மேற்பார்வை" என்றுதான் இருக்கிறது. கேட்டதில், காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து வரை ஒரு ஜி.என்.எம் நர்ஸ் வருகிறாராம். ராத்திரி ஹோம் நர்ஸ்தான்.

வென்ஃப்ளான் பிங்க் நிறம். வலது மணிக்கட்டுக்குப் பக்கத்தில். ப்ளாஸ்டர் வெள்ளைத் துணி மாதிரி, உள்ளே எதுவும் தெரியவில்லை, தேதி இல்லை. டிஸ்சார்ஜுக்கு முன்னால் போட்டதாக இருக்கலாம்.

வாளையார்_வைத்தியன் | திங்கள், பகல் 1.30

எம்.பி.பி.எஸ் மட்டும்தான், ஸ்பெஷலிஸ்ட் இல்லை. சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன்.

உங்களுக்கு ஒரு நல்ல விஷயம் இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. உங்கள் டாக்டர் தினம் ஒரு வேளை மருந்தாகப் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார். இதே குடும்பத்தில் மெரோபெனம் என்று இன்னொன்று உண்டு, எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை போட வேண்டும், ராத்திரியும் சேர்த்து. எர்டாபெனம் பகலில் ஒரு அரை மணி நேரம்தான். பகலில்தான் அங்கே நர்ஸ் இருக்கிறாரே! "ஐவி போடுங்கள்" என்று மொத்தமாகக் கேட்டால் எந்த மேனேஜரும் பயப்படுவார். "காலை பத்து மணிக்கு, உங்கள் ஜி.என்.எம் சிஸ்டர் கையால், 100 மில்லி சலைனில் கலந்து, அரை மணி நேரம், மீதி நாள்களுக்கு" என்று கேட்டுப் பாருங்கள். நான்கு நாள் ஆஸ்பத்திரியிலேயே போட்டு ஒவ்வாமை எதுவும் வராததும் உங்கள் பக்கம்தான். முதல் டோஸை ஹோமில் போடச் சொல்லியிருந்தால் நானே வேண்டாம் என்பேன்.

ஆனால் டாக்டரிடம் எழுதி வாங்க வேண்டும், வாய்ச்சொல் போதாது. மருந்து, அளவு, எதில் கலக்க, எத்தனை நாள், ஏதாவது ஆனால் யாருக்குப் போன். இந்த மருந்தை குளுக்கோஸில் கலக்கக் கூடாது, நார்மல் சலைனில்தான். கலக்கி வைத்துவிட்டு ஊர்வலம் போகவும் கூடாது, அறையில் வைத்தால் ஆறு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். ரத்தச் சோதனையில் கிரியேட்டினின் எவ்வளவு என்று பாருங்கள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது அதுதான். சிறுநீரகம் மோசமாக இருந்தால் அளவைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் குழப்பம், வலிப்பு வரை போகும். வலிப்புக்கு வால்ப்ரோயேட் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் உடனே சொல்லுங்கள், இந்த ஊசி அந்த மாத்திரையின் அளவை ரத்தத்தில் இறக்கிவிடும். திடீர் ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின் ஆம்பியூல் ஒன்று ஹோம் அலமாரியில் கட்டாயம் இருக்க வேண்டும்.

இன்னொன்று, கேட்கிறேனே என்று நினைக்காதீர்கள். அம்மாவுக்கு யூரின் டியூப் இன்னும் இருக்கிறதா?

எருத்தியாம்பதிக்காரன் | திங்கள், பகல் 2.10

இருக்கிறது டாக்டர். ஆபரேஷன் அன்றைக்குப் போட்டது, நடுவில் ஒரு தடவை மாற்றினார்கள். ராத்திரி பாத்ரூமுக்குத் தூக்குவது கஷ்டம் என்று அப்படியே விட்டுவிட்டார்கள். கிரியேட்டினின் 1.0. வால்ப்ரோயேட் இல்லை.

வாளையார்_வைத்தியன் | திங்கள், பகல் 2.25

அதுதானே பார்த்தேன். கிருமி ஏறிவந்த ஏணி அந்த டியூப்பாகத்தான் இருக்கும். யாருடைய வசதிக்காகவோ இரண்டு மாதம் டியூப் கிடந்தால் இது வரத்தான் செய்யும். ஆறு நாள் மருந்தைப் போட்டு முடித்துவிட்டு டியூபை அப்படியே விட்டால், அடுத்த மாதம் இதே இழையில் மறுபடியும் எழுதுவீர்கள். எடுக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கட்டில் பக்கத்தில் ஒரு கமோட் நாற்காலி போதும்.

நகரி_வாசகர் | திங்கள், மாலை 5.50

விட்ட இடத்திலிருந்து. பெரியம்மாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று ஆர்.எம்.பி டாக்டரிடம் இரண்டு செலைன் போடச் சொன்னோம். நாங்கள்தான் சொன்னோம், டாக்டராகப் போடவில்லை. பெரியம்மாவுக்கு இதய வீக்கம் என்று மாத்திரை இருந்தது, அதை யாரும் டாக்டரிடம் சொல்லவில்லை. முதல் பாட்டில் மெதுவாக இறங்கியது. இரண்டாவது பாட்டிலை என் தம்பிதான் வேகமாகத் திறந்துவிட்டான், கட்டுப்பாடு இருக்கிறதே என்றுகூட அவனுக்குத் தெரியாது. ராத்திரி பதினொரு மணிக்குப் பெரியம்மா படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்துகொண்டார். இருமலில் நுரை. திருப்பதிக்குக் கொண்டுபோய்ப் பிழைத்தார், ஆனால் அதற்கப்புறம் வீட்டில் செலைன் என்ற பேச்சே எடுப்பதில்லை. தம்பி இன்றைக்கும் அதைச் சொன்னால் எழுந்து போய்விடுவான்.

கோவிந்தாபுரம்_லாரி | திங்கள், இரவு 8.00

சரி, சரி. தாத்தாவுக்கு இதயம் நல்லா இருந்தது போல. ஆனால் தெம்புக்குக் குளுக்கோஸ் ஏற்றுவதில் என்ன தப்பு? பசியே இல்லாமல் கிடக்கிற மனுஷிக்கு வேறு என்ன செய்வது?

மீனாட்சிபுரம்_சிஸ்டர் | திங்கள், இரவு 8.40

இந்தக் கேள்வியை வாரத்துக்கு மூன்று பேர் என்னிடம் கேட்கிறார்கள். டி5 என்கிற அந்த 500 மில்லி குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. நூறு கலோரிகூட முழுசாகத் தேறாது. இரண்டு இட்லி என்று வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் சட்னி இல்லாமல். அந்த இரண்டு இட்லிக்காக ஊசி குத்தி, கையைக் கட்டிப்போட்டு, எட்டு மணி நேரம் படுக்க வைக்கிறோம். அந்த நேரத்தில் நடை பழகவும் முடியாது. உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள், பாட்டிலுக்குப் பதில் ஒரு டம்ளர் கஞ்சியைப் பாதிப் பாதியாக நான்கு தடவை கொடுக்கலாம் என்று. நார்மல் சலைன் பாட்டில் என்றால் அதில் நாலரை கிராம் உப்பு. பிரஷர்காரருக்கு "உப்பைக் குறை" என்று சொல்லிவிட்டு ஒரு பாட்டிலில் கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன் ஏற்றுகிறோம்.

உண்மையிலேயே நாக்கு வறண்டு, சிறுநீர் குறைந்து, குடிக்கவும் முடியாமல் இருந்தால் அது வேறு. அப்போது நீர் வேண்டும்தான்.

வாளையார்_வைத்தியன் | திங்கள், இரவு 9.15

சிஸ்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அப்படி வறண்டுபோன முதியவர்களுக்கு நரம்பே வேண்டாம். தொடையிலோ வயிற்றிலோ தோலுக்கடியில் ஒரு சின்ன பட்டர்ஃப்ளை ஊசியைச் செருகி, நார்மல் சலைனை மெதுவாக விடலாம். மணிக்கு 60 மில்லி போல, ஓரிடத்தில் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் வரை தோல் உறிஞ்சிக்கொள்ளும். கொஞ்சம் உப்பியிருக்கும், தானே வடிந்துவிடும். நரம்பு கிடைக்காமல் ஐந்து இடத்தில் குத்த வேண்டியதில்லை, மறதி நோய்க்காரர் பிடுங்கிப்போட்டாலும் ரத்தம் கொட்டாது. பாலியேட்டிவ் ஆட்கள், அதாவது தீராத நோயாளிகளின் வேதனையைத் தணிக்கும் பராமரிப்பில் இருப்பவர்கள், இதைச் சாதாரணமாகச் செய்வார்கள். ஆனால் பிரஷர் விழுந்து மோசமான நிலையில் இருப்பவருக்கு இது உதவாது, அவர் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

வண்டித்தாவளம்_டீக்கடை | திங்கள், இரவு 9.50

பாலியேட்டிவ் என்றதும் ஞாபகம் வந்தது. எங்கள் பஞ்சாயத்தில் பாலியேட்டிவ் நர்ஸ் ஜீப்பில் வீடு வீடாக வருவார். 2008-ல் கேரள அரசு கொள்கை போட்ட பிறகு பஞ்சாயத்துகள் மூலம் வந்த ஏற்பாடு. அவரைக் கூப்பிடலாமே?

மீனாட்சிபுரம்_சிஸ்டர் | செவ்வாய், காலை 6.30

கூப்பிடலாம், ஆனால் ஆறு நாளும் வந்து ஆன்டிபயாடிக் போடுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரு நர்ஸுக்கு ஒரு பஞ்சாயத்து முழுக்கக் கிடக்கிற நோயாளிகள். டியூப் மாற்ற, படுக்கைப் புண் கட்ட அவரை விட்டால் ஆள் இல்லை.

தம்பி, அந்த ப்ளாஸ்டரைப் பற்றி நேற்றுச் சொல்ல விட்டுவிட்டேன். வயசானவர்களுக்கு 22-ம் எண் ஊசி (எண் கூடினால் ஊசி மெலிது), அதாவது நீல நிறம், முடிந்தால் 24 மஞ்சள் போதும். பிங்க் 20, அவசரம் இல்லாத அரை மணி நேர மருந்துக்கு அவ்வளவு பெரிது வேண்டாம். மணிக்கட்டில் போட்டால் வாக்கரைப் பிடிக்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளே ஆடும், நரம்பு புண்ணாகும். முன்கையில் போடச் சொல்லுங்கள். கண்ணாடி மாதிரி தெரிகிற ப்ளாஸ்டர் ஒட்டி, தேதி எழுதச் சொல்லுங்கள். மூன்று நாளானால் கட்டாயம் மாற்று என்பது பழைய வழக்கம். நன்றாக இருக்கிற ஊசியைத் தேதிக்காக மட்டும் பிடுங்க வேண்டாம் என்று இப்போது சொல்கிறார்கள், ஆனால் அதற்கு ஒருவர் தினமும் பலமுறை உள்ளே பார்க்க வேண்டும். வலி, சிவப்பு, வீக்கம் மூன்றில் இரண்டு இருந்தாலே எடுத்துவிட வேண்டும். துணி ப்ளாஸ்டருக்குள் யார் பார்ப்பது?

ஆரியங்காவு_ரப்பர் | செவ்வாய், காலை 9.00

செங்கோட்டைப் பக்கத்து எல்லையிலிருந்து. அப்பாவுக்குச் சர்க்கரைப் புண் எலும்பு வரை போய், ஆறு வாரம் ஐவி. தினமும் குத்த முடியாது என்று மேல்கையில் பிக் லைன், அதாவது வாரக்கணக்கில் இருக்கும் நீளமான டியூப், போட்டார்கள். வாரம் ஒரு தடவை கட்டு மாற்ற வேண்டும், 10 மில்லி சிரிஞ்சில்தான் தள்ளவேண்டும், சின்ன சிரிஞ்சில் தள்ளினால் அழுத்தம் அதிகமாகி டியூப் கிழியும், அந்தக் கையில் பி.பி பார்க்கக் கூடாது. இத்தனையும் எங்களுக்குச் சொன்னார்கள். அவரை விட்டிருந்த இடத்தில் மூன்றாம் நாளே அதே கையில் பி.பி பட்டையைச் சுற்றினார்கள். தடித்த எழுத்தில் அட்டையில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினேன், மலையாளத்தில். தமிழில் ஒட்டி என்ன பயன்?

ஒரு சந்தேகம். ஹோமில் போட்டால் ஊசி, டியூப் எல்லாம் எங்கே போகும்? 2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கம் கேரள ஆஸ்பத்திரிக் கழிவைக் கொட்டி, பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு லாரியில் திரும்ப அள்ளிப்போனார்களே, அதை எங்கள் ஊர் மறக்கவில்லை.

மீனாட்சிபுரம்_சிஸ்டர் | செவ்வாய், மாலை 4.20

ஊசி, துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில். டியூபும் பாட்டிலும் சிவப்புப் பை. ரத்தப் பஞ்சு மஞ்சள் பை. 2016 மருத்துவக் கழிவு விதி. ஹோம் அதற்கான ஏஜென்சியோடு ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும், வண்டி வந்து எடுத்துப்போகும். நம் பக்கத்துக் கழிவு கஞ்சிக்கோட்டில் இருக்கும் கழிவு ஆலைக்குப் போகும். "கழிவுக்கு என்ன ஏற்பாடு?" என்று மேனேஜரிடம் கேளுங்கள், அவர் முழித்தால் ஐவி பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

எருத்தியாம்பதிக்காரன் | வியாழன், இரவு 10.30

எல்லோருக்கும் நன்றி. என்ன ஆனது என்று சொல்கிறேன்.

டாக்டரிடம் எழுதி வாங்கிப் போனேன். வாளையார் டாக்டர் சொன்ன மாதிரியே, "பத்து மணிக்கு, உங்கள் சிஸ்டர் கையால்" என்று கேட்டேன். மேனேஜர் ஐந்து நிமிடம் யோசித்துவிட்டு, "பகலில் என்றால் சரி" என்றார். சண்டையே வரவில்லை. கழிவு டப்பாவைக் காட்டினார், அட்ரினலின் இல்லை, அன்றைக்கே வாங்கி வைத்தார்.

ஹோம் சிஸ்டர் கோட்டயம் பக்கத்துப் பெண், தமிழ் சுமாராக வரும். பழைய ப்ளாஸ்டரைப் பிரித்தால் உள்ளே மணிக்கட்டு சிவந்து, கயிறு மாதிரி நரம்பு தடித்திருந்தது. எடுத்துவிட்டு இடது முன்கையில் நீலத்தைப் போட்டார். நரம்பு புடைக்கக் கட்டும் டூர்னிகே பட்டையை ஜாக்கெட் கைமேலேயே கட்டினார், தோல் பேப்பர் மாதிரி இருக்கிறது, கிழிந்துவிடும் என்று. ஒரே குத்து. மருந்துக்கு முன்னாலும் பின்னாலும் சலைன் தள்ளினார், மூடியை ஸ்பிரிட் பஞ்சால் தேய்த்தார், வாட்சைப் பார்த்து 66, 67 சொட்டுக்கு வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

நடுவில் ஒரு கூத்து. சிஸ்டர் கையைத் தொட்டுக்காட்டி, "அம்மே, வேதனை உண்டோ?" என்றார். அம்மா, "இல்லாமல் என்ன? பெத்த மகள் வந்து பார்த்து ரெண்டு மாசமாச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிஸ்டர் பதறிப்போய் வீலை மூடிவிட்டார். நான்தான் நடுவில் புகுந்து, அவர் கேட்டது வலியைப் பற்றி என்று விளக்கினேன். இத்தனை வருடம் எல்லையில் இருந்தும் எனக்கே அன்றைக்குத்தான் உறைத்தது. இப்போது ஒரு தாளில் "வலி, எரியுது, கடுக்குது" என்று மலையாள எழுத்தில் எழுதி, பக்கத்தில் பொருளும் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஆரியங்காவுக்காரருக்கு நன்றி.

அக்காவுக்கு இட்லிக் கணக்கைச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறாராம், கஞ்சி காய்ச்ச.

கோவிந்தாபுரம்_லாரி | வியாழன், இரவு 10.50

எல்லாம் சரி. பில் எவ்வளவு போட்டார்கள்? அதைச் சொல்லுங்கள் முதலில்.

எருத்தியாம்பதிக்காரன் | ஞாயிறு, இரவு 8.20

லாரி அண்ணா, ஒரு நாளைக்கு 250 ரூபாய், மருந்தும் செட்டும் நாங்கள் வாங்கிக் கொடுத்தோம். முதல் நாள் ஆம்புலன்ஸ் மட்டுமே 1,800 ஆயிற்று.

வெள்ளிக்கிழமையோடு ஆறு நாள் முடிந்தது. நேற்று டியூபையும் எடுத்துவிட்டார்கள். ராத்திரி மூன்று தடவை கமோடுக்காக அம்மா எழுப்பினாராம், ஹோம் நர்ஸ் கொஞ்சம் முகம் சுளிக்கிறார், அவரிடம் தனியாகப் பேச வேண்டும்.

அக்கா வந்ததும் அம்மா முதலில் கேட்டது வளையலைத்தான். இடது கையில் ஏறிவிட்டது. வலது கையில் ஏறவில்லை, அந்தப் பழைய ஊசி இருந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் வீக்கம். சிஸ்டர் நாளைக்குக் காலையில் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.